போட்டோஷாப்ல ஷார்ட்கட் மாத்துறது: எதை மாத்தணும், எதைத் தொடக்கூடாது, மாத்துனது ஏன் காணாமப் போகுது

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி எழுதிடுறேன், தப்பா இருந்தா சொல்லுங்க. தேவகோட்டையில ஒரு ஸ்டூடியோவுல கல்யாண ஆல்பம் டிசைன் பண்றீங்க, பழைய போட்டோ ரிப்பேர் வேலையும் வருது. போட்டோஷாப் ஷார்ட்கட்டை உங்க கைக்கு ஏத்த மாதிரி மாத்தலாம்னு ஆரம்பிச்சீங்க, ஆனா மாத்தி வச்சது சில நாள்ல பழையபடி ஆயிடுது. அதே சிஸ்டத்துல சாயங்காலம் உக்கார்ற அண்ணன் "என் கீயெல்லாம் எங்கப்பா போச்சு"னு சத்தம் போடுறார். அது போக சில நேரம் திடீர்னு பி அழுத்துனா பிரஷ் வரமாட்டேங்குது, அதுவும் ஷார்ட்கட் மாத்துனதாலதான்னு நினைக்கிறீங்க. "எல்லாத்தையும் மாத்திடலாமா, இல்ல விட்டுடலாமா"ன்னு முடிச்சிருக்கீங்க.

இது ஒரு கேள்வி இல்ல, மூணு தனித்தனி பிரச்சனை. நான் காரைக்குடியில பல வருஷமா ரீடச்சிங், ஆல்பம் வேலை பார்த்து, புதுசா வர்ற பிள்ளைகளுக்குச் சொல்லியும் குடுக்குறதால இந்த மூணையும் அடிக்கடி பார்க்குறேன். கடைசியா சொன்னீங்களே, பி அழுத்துனா பிரஷ் வரலைன்னு, அதுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அது அனேகமா போட்டோஷாப் பிரச்சனையே இல்ல.

நம்ம ஊர் ஸ்டூடியோ சிஸ்டம் எல்லாத்துலயும் தமிழ் கீபோர்டு போட்டிருப்போம், ஆல்பம் முதல் பக்கத்துல மாப்பிள்ளை பொண்ணு பேரு, கோயில் பேரு, தேதி எல்லாம் தமிழ்ல அடிக்கணும்ல. விண்டோஸ்ல ரெண்டு மொழி போட்டுட்டா இடதுபக்க ஆல்ட்டும் ஷிப்ட்டும் சேர்த்து அழுத்தி விட்டா மொழி மாறும், அதை யாரும் போய் செட் பண்ண வேண்டியதில்ல, வழக்கமா அப்படியேதான் வரும். இப்ப நீங்க ஆல்பம் பக்கத்துல என்ன பண்றீங்கன்னு யோசிங்க. ஒரு போட்டோ பிரேமை வரிசையா நாலு தடவை வைக்கணும்னா மூவ் டூல்ல ஆல்ட்டையும் ஷிப்ட்டையும் பிடிச்சுக்கிட்டு இழுப்பீங்க, ஆல்ட் காப்பி எடுக்கும், ஷிப்ட் நேர்கோட்டுல வச்சிருக்கும். இழுத்து முடிச்சுக் கையை எடுத்த நொடியில விண்டோஸ் "ஓ, மொழியை மாத்தச் சொல்றாங்க"ன்னு எடுத்துக்குது, ஏன்னா நடுவுல நீங்க வேற கீ எதையும் தொடலை, மவுஸை மட்டும்தான் அசைச்சீங்க. ஸ்கிரீன்ல பெருசா ஒண்ணும் தெரியாது, வலது மூலையில டாஸ்க்பார்ல இருக்கிற சின்ன எழுத்து மட்டும் மாறியிருக்கும். அடுத்து பி அழுத்துனா அது போட்டோஷாப்புக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே தமிழ் எழுத்தா மாறிடும், குறிப்பா இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல அடிச்சா தமிழ் வர்ற ஃபொனெட்டிக் கீபோர்டு போட்டிருந்தா. கண்ட்ரோல் எஸ், கண்ட்ரோல் ஜெட் மாதிரி கண்ட்ரோல் சேர்ந்தது மட்டும் அப்பவும் வேலை செஞ்சுக்கிட்டிருக்கலாம், அதனாலதான் "பாதி கீ வேலை செய்யுது, பாதி செய்யலை"ன்னு குழப்பமா இருக்கும்.

இதுக்கு மருந்து சின்னது. விண்டோஸ் செட்டிங்ஸ்ல டைப்பிங் பகுதிக்குப் போனா அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ். அதைத் திறந்து சேஞ்ச் கீ சீக்வென்ஸ் அழுத்தி ரெண்டு பக்கமும் நாட் அசைன்டுன்னு வச்சிருங்க. மொழி மாத்த விண்டோஸ் கீயோட ஸ்பேஸ் அழுத்துனா போதும், அது எந்த எடிட்டிங் ஷார்ட்கட்டோடவும் மோதாது. அதே அட்வான்ஸ்டு பக்கத்துல ஒவ்வொரு ஆப் விண்டோவுக்கும் தனித்தனி இன்புட் முறை வச்சுக்கிற மாதிரி ஒரு டிக் இருக்கு, அதையும் போட்டுட்டா வாட்ஸ்ஆப்ல தமிழ் அடிச்சுட்டு போட்டோஷாப்புக்குத் திரும்பும்போது இங்கிலீஷ் தானா வந்து நிக்கும். கல்யாண சீசன்ல கஸ்டமருக்குப் பதில் போட்டுக்கிட்டே வேலை பார்க்குறவங்களுக்கு இது பெரிய உதவி. விண்டோஸ்ல இருக்கிறதை விட்டுட்டு வேற தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் ஏதாவது போட்டிருந்தா அதுக்குன்னு தனியா ஹாட் கீ இருக்கும், அதோட செட்டிங்ஸ்லயும் ஒரு பார்வை பாருங்க.

பி வேலை செய்யாததுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்லமாட்டேன், உங்க சிஸ்டம் முன்னாடி நான் இல்லையே. டைப் டூல்ல கர்சர் இன்னும் எழுத்துக்குள்ளயே நின்னா பி அங்க பி எழுத்தாத்தான் விழும். லேயர் பேனல்ல ஒபாசிட்டி பெட்டிக்குள்ள கர்சர் மாட்டியிருந்தாலும் கீ வேலை செய்யாது, எஸ்கேப் அழுத்திட்டுப் பாருங்க. ஷிப்ட்டை வரிசையா அஞ்சு தடவை தட்டுனா ஸ்டிக்கி கீஸ்னு ஒரு பெட்டி வரும், அதுல தெரியாம எஸ் குடுத்திருந்தா கீயெல்லாம் பேய் பிடிச்ச மாதிரி நடந்துக்கும், அதை நிரந்தரமா ஆஃப் பண்ணி வைங்க. பிரஷ் வந்துருச்சு ஆனா வட்டம் மட்டும் காணோம், சின்ன சிலுவைக்குறி மாதிரி தெரியுதுன்னா கேப்ஸ் லாக் ஆன்ல இருக்கு, அவ்வளவுதான். கண்டுபிடிக்கிற வழி, அடுத்த தடவை நடக்கும்போது எதையும் தொடாம வலது மூலையில மொழியைப் பாருங்க. தமிழ்னு இருந்தா நான் மேல சொன்னது. இங்கிலீஷ்னு இருந்தா இந்தப் பாராவுல இருக்கிற ஒண்ணு.

இப்ப ரெண்டாவது, மாத்தி வச்சது ஏன் போகுது. போட்டோஷாப்ல ஷார்ட்கட் மாத்துற இடம் எடிட் மெனுவுல கீழ இருக்கு, கீபோர்டு ஷார்ட்கட்ஸ்னு. நேரா போகணும்னா கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூணையும் பிடிச்சு கே. திறந்ததும் மேல செட்னு ஒரு பெட்டி இருக்கும், அதுல போட்டோஷாப் டிஃபால்ட்ஸ்னு போட்டிருக்கும். பெரும்பாலானவங்க அதைக் கவனிக்காம நேரா கீழ போய் மாத்தி ஓகே குடுத்துருவாங்க, உடனே அந்தப் பேருக்குப் பக்கத்துல மாடிஃபைடுன்னு சேரும். அந்த மாற்றம் பேர் வச்ச எந்த ஃபைல்லயும் இல்ல, பிரிஃபரன்ஸோட, அதாவது போட்டோஷாப்போட மத்த செட்டிங்ஸோட சேர்ந்து கிடக்கு. போட்டோஷாப் பிரிஃபரன்ஸை ஒழுங்கா மூடும்போதுதான் எழுதி வைக்கும். நம்ம பக்கம் கரண்ட் எப்படின்னு சொல்லவே வேண்டாம், யூபிஎஸ் பேட்டரி செத்துப்போன சிஸ்டத்துல வேலை நடுவுல கரண்ட் போனா அன்னைக்கு மாத்துன செட்டிங் எல்லாம் போக நிறைய வாய்ப்பு இருக்கு. யாராவது போட்டோஷாப் மக்கர் பண்ணுதுன்னு கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் பிடிச்சுக்கிட்டே திறந்து பிரிஃபரன்ஸை ரீசெட் பண்ணாலும் போயிடும். உங்க கடையில இதுல எது நடக்குதுன்னு எனக்குத் தெரியாது, ஆனா ரெண்டுக்கும் ஒரே தீர்வுதான்.

அந்தப் பெட்டிக்குப் பக்கத்துலயே சின்னச் சின்ன ஐகான் இருக்கும், அதுல ஒண்ணு இப்ப இருக்கிற செட்டை வச்சுப் புதுசா ஒண்ணு உருவாக்குறது. மாத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அதை அழுத்தி உங்க பேர்ல ஒரு செட் போடுங்க. அது கேஒய்எஸ்னு முடியுற ஒரு ஃபைலா டிஸ்க்ல உக்காந்துரும், விண்டோஸ்ல ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, அப்புறம் உங்க போட்டோஷாப் வெர்ஷன், அதுக்குள்ள பிரிசெட்ஸ், கீபோர்டு ஷார்ட்கட்ஸ்னு போனா பார்க்கலாம். ஆப்டேட்டா ஃபோல்டர் மறைஞ்சிருக்கும், அதைக் காட்டச் சொல்லிட்டுத் தேடுங்க. அந்த ஃபைலை ஒரு பென்டிரைவ்லயும் உங்க மெயில்லயும் போட்டு வைங்க. நாளைக்கு விண்டோஸ் மாத்துனாலும், வேற கடைக்குப் போனாலும், புது வெர்ஷன் போட்டாலும் அந்த ஃபைலை அதே மாதிரி ஃபோல்டர்ல போட்டு செட் பெட்டியில தேர்ந்தெடுத்தா உங்க கீபோர்டு திரும்ப வந்துரும். ஒவ்வொரு தடவை மாத்துன பிறகும் சேவ் ஐகானை அழுத்தணும், ஓகே மட்டும் குடுத்தா பேருக்குப் பக்கத்துல மறுபடி மாடிஃபைடு வந்து நிக்கும்.

அண்ணனோட சண்டைக்கு இதைவிடச் சுத்தமான வழி இருக்கு. விண்டோ மெனுவுல ஒர்க்ஸ்பேஸ், நியூ ஒர்க்ஸ்பேஸ்னு போனா பேர் கேக்குற பெட்டியிலயே கீபோர்டு ஷார்ட்கட்ஸையும் சேர்த்து சேவ் பண்ணவான்னு டிக் பண்ற இடம் இருக்கும். உங்க செட் ஆன்ல இருக்கும்போது உங்க பேர்ல ஒரு ஒர்க்ஸ்பேஸ், டிஃபால்ட்ஸ் ஆன்ல இருக்கும்போது அண்ணன் பேர்ல ஒரு ஒர்க்ஸ்பேஸ். சிஸ்டத்துல உக்கார்றவர் மேல வலது மூலையில தன் பேரைத் தேர்ந்தெடுத்தா பேனல் இருக்கிற இடமும் கீயும் சேர்ந்தே மாறிடும். விண்டோஸ்ல ஆளுக்கு ஒரு லாகின் போட்டா இன்னும் நல்லது, ஆனா கடையில ஃபைல் எல்லாம் ஒரே டெஸ்க்டாப்ல கிடக்கும், ஓனர் ஒத்துக்கமாட்டார், அதனால ஒர்க்ஸ்பேஸ் வழியே போதும்.

இதெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி உங்க கடையில எந்த வெர்ஷன்னு கேட்டிருக்கணும், நீங்க எழுதலை. நம்ம பக்கம் பல ஃபிளெக்ஸ் கடையிலயும் பழைய ஸ்டூடியோவுலயும் இன்னும் போட்டோஷாப் 7.0 ஓடிக்கிட்டிருக்கு, அது 2002ல வந்தது, அதுல ஷார்ட்கட் மாத்துற வசதியே கிடையாது, தேடாதீங்க. அந்த வசதி 2003ல வந்த அடுத்த வெர்ஷன் சிஎஸ்ல இருந்துதான் வந்துச்சு. 7.0ல இருக்கிறவங்களுக்கு ஒரே வழி ஆக்ஷனுக்கு, அதாவது செய்யுற வேலையைப் பதிவு பண்ணி வச்சு ஒரே தட்டுல ஓட விடுறதுக்கு, ஃபங்ஷன் கீ குடுக்குறது, அதைக் கீழ சொல்றேன், அது புது வெர்ஷன்லயும் ரொம்ப உபயோகம்.

இப்ப முக்கியமான கேள்விக்கு வர்றேன், எதை மாத்துறது. என் தீர்மானமான கருத்து, எல்லாத்தையும் மாத்தாதீங்க. உங்க கை ஏற்கனவே தானா போற கீயைத் தொடாதீங்க, கீயே இல்லாம ஒரு நாளைக்குப் பல தடவை மெனுவுக்குள்ள போய் மவுஸால தேடுறீங்களே அதுக்கு மட்டும் கீ குடுங்க. கண்ட்ரோல் ஜே, கண்ட்ரோல் டி, கண்ட்ரோல் டீ ரெண்டையும், அதாவது டீசெலக்ட்டும் ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மும், ஜெட், எஸ், இதையெல்லாம் மாத்துனா நீங்க வேற எந்த சிஸ்டத்துல உக்காந்தாலும் கை தடுமாறும், யூடியூப்ல ஒரு பாடம் பார்த்தாலும் அவங்க சொல்ற கீ உங்களுக்கு வேலை செய்யாது. நாளைக்கு மதுரைக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போனா முதல் வாரம் முழுக்க அவஸ்தை. ஷார்ட்கட்டால வேலை எவ்வளவு வேகமாகும்னு நெட்ல பலரும் பெரிய பெரிய கணக்கு சொல்வாங்க, அதை நம்பி இறங்காதீங்க, ஆளுக்கு ஆள் வேலைக்கு வேலை அது மாறும். நான் உறுதியா சொல்றது, கண்ணு படத்தை விட்டு மெனுவுக்குப் போகாம இருந்தா ரீடச் சுத்தமா வரும். முகத்துல ஒரு நிழலைச் சரி பண்ணிக்கிட்டிருக்கும்போது நடுவுல மெனுவைத் தேடிட்டு வந்தா எந்த அளவுக்குச் சரி பண்ணினோம்னு பார்வை விட்டுப்போயிடும்.

மாத்துறதுல போட்டோஷாப் போடுற கட்டுப்பாடு என்னன்னு தெரிஞ்சுக்கணும். மெனுவுல இருக்கிற கட்டளைக்குக் கண்ட்ரோல் இல்லாம தனி எழுத்தைக் குடுக்க முடியாது, ஒண்ணு கண்ட்ரோல் சேர்ந்திருக்கணும், இல்ல ஃபங்ஷன் கீயா இருக்கணும். டூலுக்கு நேர்மாறு, தனி எழுத்து மட்டும்தான். ஏற்கனவே வேற ஒண்ணுக்கு இருக்கிற கீயைக் குடுத்தா கீழ எச்சரிக்கை வரும், ஏத்துக்கிட்டா அந்தப் பழைய கட்டளைக்குக் கீ போயிடும்னு, அதைப் படிக்காம அக்செப்ட் குடுக்காதீங்க. சில விஷயம் இந்தப் பட்டியல்லயே வராது. ஸ்பேஸ் பிடிச்சா கை வர்றது, ஆல்ட் பிடிச்சு க்ளோனுக்கு இடம் எடுக்குறது, நம்பர் அழுத்துனா ஒபாசிட்டி மாறுறது, இதெல்லாம் உள்ளேயே கட்டினது, மாத்த முடியாது, அதுக்காக நேரம் செலவழிக்காதீங்க.

கண்ட்ரோல் சேர்ந்தது பெரும்பாலும் நிரம்பிப்போயிருக்கும், அப்ப காலி இடம் எங்கன்னா எஃப் 2, எஃப் 3, எஃப் 4. இந்த மூணும் கட், காப்பி, பேஸ்ட்டுக்குக் குடுத்திருக்காங்க, அதை யாரும் அப்படி அழுத்தி நான் பார்த்ததில்ல, கண்ட்ரோல் எக்ஸ், சி, வி இருக்கும்போது எதுக்கு. அதனால அந்த மூணையும் தயங்காம எடுத்துக்கலாம். எஃப் 12 ரிவர்ட், கை பட்டா ஃபைல் கடைசியா சேவ் பண்ண நிலைக்குப் போயிடும், ஹிஸ்டரியில திரும்ப வரலாம்தான், ஆனாலும் அந்தக் கீயை ரிவர்ட்கிட்ட இருந்து பிடுங்கிடுறது நல்லது. லேப்டாப்னா எஃப் கீ எல்லாம் சவுண்டு, வெளிச்சம்னு வேலை செய்யும், எஃப்என் லாக் போட்டுக்கணும்.

ஆல்பம் வேலைக்கு நான் கீ குடுக்கச் சொல்றது, ஃபிளிப் ஹரிசான்டல், கன்வர்ட் டு ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், பிளேஸ் எம்பெடட். இந்த மூணுக்கும் வழக்கமா கீ கிடையாது, ஆனா ஆல்பம் பக்கத்துல போட்டோவைக் கொண்டுவந்து, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி, பெருசு சிறுசு பண்ணிப் பார்த்து, முகம் பக்கத்துக்கு வெளியே பார்த்தா திருப்பி வைக்கிறது ஒவ்வொரு ஷீட்லயும் நடக்குது. திருப்பும்போது ஒண்ணு கவனம், திருப்பூட்டுற (தாலி கட்டுற) படம், கழுத்திரு (செட்டிநாட்டுத் தாலி) தெரியுற படம், புடவை முந்தானை தெரியுற படம், பின்னாடி போர்டுல எழுத்து இருக்கிற படம், இதையெல்லாம் ஃபிளிப் பண்ணாதீங்க, முந்தானை வலது தோள்ல தெரிஞ்சா ஆச்சிமார் முதல் பார்வையிலேயே கண்டுபிடிச்சுருவாங்க. கீ சுலபமா இருந்தா கை தானா போயிடும், அதனால சொல்றேன்.

இன்னொரு மாற்றம், இதை எல்லாருக்கும் சொல்றேன். கண்ட்ரோல் எம் அழுத்துனா கர்வ்ஸ் வரும், ஆனா அது நேரா லேயர் மேலயே அடிச்சுரும், அப்புறம் கஸ்டமர் "கொஞ்சம் கலரைக் குறைங்க"ன்னா திரும்பப் போக முடியாது. லேயர் மெனுவுல நியூ அட்ஜஸ்ட்மென்ட் லேயருக்குள்ள இருக்கிற கர்வ்ஸுக்கு அந்தக் கண்ட்ரோல் எம்மைக் குடுத்துருங்க. அதே மாதிரி கண்ட்ரோல் எல் (L) கீயை அட்ஜஸ்ட்மென்ட் லேயர் லெவல்ஸுக்கு. அழுத்துனா பேர் கேட்டு ஒரு பெட்டி வரும், என்டர் தட்டுனா முடிஞ்சது. பழைய பழக்கத்துக்கு அதே கீதான், ஆனா ஒரிஜினல் படம் பத்திரமா இருக்கும். டிஃபால்ட்டை மாத்தாதீங்கன்னு சொல்லிட்டு இதை ஏன் மாத்தச் சொல்றேன்னா, இதுல கை பழகினது அப்படியே இருக்கு, கிடைக்கிறது மட்டும் நல்லதா மாறுது.

பழைய போட்டோ வேலைக்கு வேற கணக்கு. பர்மா, மலேயான்னு கொண்டுவிக்க (தொழில் பண்ண) போன காலத்துப் படம் பெட்டகத்துல இருந்து எடுத்துட்டு வருவாங்க, அட்டையில ஒட்டினது, ராமபாணப் பூச்சி அரிச்சது, நடுவுல மடிப்பு, இருட்டுப் பகுதியெல்லாம் வெள்ளி பூத்த மாதிரி மினுங்கும். அதுல வலது கை மவுஸ்லயோ பேனாவுலயோ மணிக்கணக்கா இருக்கும், இடது கைதான் கீபோர்டு முழுக்கப் பார்க்கணும். போட்டோஷாப்ல ஹீலிங் பிரஷ் ஜேயில இருக்கு, பிரஷ் அளவு மாத்துற அடைப்புக்குறி பி (P, பிரஷோட B இல்ல) எழுத்துக்கும் வலப்பக்கம் மூலையில, ரெண்டும் இடது கைக்கு எட்டாது. ஒவ்வொரு தடவையும் வலது கையைப் படத்தை விட்டு எடுக்கணும். க்ளோன் மட்டும் எஸ்ல, அது சரியான இடம்.

அதனால டூல்ஸ் பட்டியல்ல போய் ஆர் எழுத்தை ரொட்டேட் வியூகிட்ட இருந்து எடுத்துட்டு ஹீலிங் பிரஷுக்குக் குடுங்க, ஆள்காட்டி விரல் பக்கத்துலயே இருக்கும். பேனா டேப்லெட் வச்சு கேன்வாஸைத் திருப்பித் திருப்பி வரையுறவங்க மட்டும் ஆரைத் தொடாதீங்க, அவங்களுக்கு ஏ எழுத்தை எடுத்துக்கலாம். ஏ பாத் செலக்ஷனோடது, ஆனா பென் டூல்ல இருக்கும்போது கண்ட்ரோலைப் பிடிச்சாலே டைரக்ட் செலக்ஷன் வந்துரும், அதனால கட்டிங் போடுறவங்களுக்கும் பெரிய நஷ்டம் இல்ல. ஜேயிலயே ஸ்பாட் ஹீலிங், பேட்ச் எல்லாம் அடுக்கி இருக்கும், ஷிப்ட் ஜேன்னு சுத்திச் சுத்தி வரணும். அதுல பேட்ச்சை என் (N) எழுத்துக்குப் பிரிச்சு வச்சா எது கையில இருக்குங்கிற சந்தேகமே வராது, இப்ப இருக்கிற வெர்ஷன்ல அந்த எழுத்து காலியா இருக்கும்.

அடைப்புக்குறியை மாத்தவே வேண்டாம். ஆல்ட் பிடிச்சுக்கிட்டு மவுஸ் வலது பட்டனை அழுத்தி இடம் வலமா இழுங்க, பிரஷ் அளவு மாறும், மேல கீழ இழுத்தா ஓரம் மென்மையாகும் கடினமாகும். இது சிஎஸ் 5ல இருந்தே இருக்கு. ஐயாவோட தலைப்பாகை விளிம்புல ஒரு கீறல், பக்கத்துலயே நெத்தியில திருநீறு, அங்க மென்மையான பெரிய பிரஷ் போனா திருநீறு கோடு கரைஞ்சுரும், கடினமான சின்ன பிரஷ் வேணும், அடுத்த அங்குலத்துல வெறும் பின்னணி, அங்க பெருசு போதும். இப்படி நிமிஷத்துக்கு நிமிஷம் மாத்துற இடத்துல கீயைத் தட்டிக்கிட்டே இருக்கிறதைவிட இழுக்குறது ரொம்ப சுகம். உங்க பழைய இன்டெல் கிராஃபிக்ஸ் சிஸ்டமா இருந்தா கண்ட்ரோல் ஆல்ட்டோட அம்புக்குறி அழுத்துனா ஸ்கிரீனே தலைகீழாத் திரும்பும், பயப்படாதீங்க, அது டிரைவரோட ஹாட் கீ, அதோட கன்ட்ரோல் பேனல்ல ஆஃப் பண்ணிடலாம்.

ரிப்பேர் வேலையில ஒவ்வொரு பகுதிக்கும் புது லேயர் போடணும், ஒரிஜினலைத் தொடவே கூடாது. பெட்டி கேக்காம புது லேயர் வர கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட், என் நாலும் சேரணும், ஒரு நாள் முழுக்க அதை அழுத்துனா இடது மணிக்கட்டு வலிக்கும். இங்கதான் ஆக்ஷன். ஆக்ஷன் பேனல்ல புது ஆக்ஷன் போடும்போதே ஃபங்ஷன் கீ கேக்கும், எஃப் 2 குடுங்க, ரெக்கார்டு ஆகும்போது ஒரு புது லேயர் போட்டு நிறுத்துங்க. ஒரு மெனு கட்டளைக்கும் ஆக்ஷனுக்கும் ஒரே கீ இருந்தா ஆக்ஷன்தான் ஜெயிக்கும், அதனால எஃப் 2ல இருந்த கட்டைப் பத்திக் கவலை வேண்டாம். ஷிப்ட், கண்ட்ரோல் சேர்த்தும் குடுக்கலாம், விண்டோஸ்ல எஃப் 1 மட்டும் ஆக்ஷனுக்குக் கிடைக்காது, கண்ட்ரோலோட எஃப் 4, எஃப் 6ம் கிடைக்காது. ஒரே கட்டளைக்கு ஷார்ட்கட், வரிசையா மூணு நாலு வேலைக்கு ஆக்ஷன்னு வச்சுக்கோங்க. பிரிண்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஃபிளாட்டன் பண்ணி, கொஞ்சம் ஷார்ப்பன் பண்ணி, ஜேபெக்கா சேவ் பண்றதெல்லாம் ஆக்ஷனா இருக்கட்டும். அதுல சேவ் ஆஸ்தான் ரெக்கார்டு பண்ணணும், பிஎஸ்டி மேல ஃபிளாட்டன் ஆனது உக்காந்துரக் கூடாது. ஆக்ஷனையும் ஏடிஎன் ஃபைலா சேவ் பண்ணி கேஒய்எஸ் ஃபைலோட சேர்த்து வைங்க.

அண்ணன் பழைய வெர்ஷன்ல பழகினவர்னா அவரோட இன்னொரு குறை அண்டூவா இருக்கும். அக்டோபர் 2018ல வந்த சிசி 2019ல இருந்து கண்ட்ரோல் ஜெட் அழுத்த அழுத்தப் பின்னாடி போய்க்கிட்டே இருக்கும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை பின்னாடி, மறு தடவை முன்னாடின்னு மாறி மாறி வரும், அதை வச்சுத்தான் பலர் மாத்தினதுக்கு முன்னாடி பின்னாடி ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. இப்ப அந்த ஒப்பீடு கண்ட்ரோல் ஆல்ட் ஜெட். பழையபடியே வேணும்னா அதே கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பெட்டியில லெகஸி அண்டூ ஷார்ட்கட்ஸ்னு டிக் இருக்கு, போட்டுட்டு போட்டோஷாப்பை மூடித் திறக்கணும்.

காசில்லாம கிடைக்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர் கிம்ப் பத்தியும் கேட்டிருந்தீங்க. கிம்ப்ல இந்த விஷயத்துல சுதந்திரம் அதிகம், மெனு கட்டளைக்கே தனி எழுத்தைக் குடுக்கலாம், எடிட் மெனுவுல கீபோர்டு ஷார்ட்கட்ஸ்லயே எல்லாம் இருக்கு. எந்தக் கட்டளை எங்க இருக்குன்னு மறந்தா சாய்வுக்கோடு கீயை அழுத்திப் பேரை அடிச்சுத் தேடலாம், அது அருமையான வசதி. மாத்துனது 2.10ல மெனுஆர்சிங்கிற ஃபைல்லயும், 2025 மார்ச்ல வந்த 3.0ல ஷார்ட்கட்ஸ்ஆர்சிங்கிற ஃபைல்லயும் இருக்கும், அதைக் காப்பி எடுத்து வச்சுக்கலாம். அதே மாதிரி இன்னொரு இலவச சாஃப்ட்வேர் கிரிட்டாவுல போட்டோஷாப் மாதிரியே கீ வர ஒரு தயார் செட் உள்ளேயே இருக்கு. ஆனா பிரிண்ட் லேப்ல பிஎஸ்டி (போட்டோஷாப்போட சொந்த ஃபைல்) கேக்குற ஆல்பம் கடையில நீங்க தினமும் போட்டோஷாப்லதான் இருக்கணும், கிம்ப்பை வீட்டுல பழகுங்க.

மேக் சிஸ்டம் வச்சிருக்கவங்க படிச்சா, கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்டு, ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன்னு மாத்திக்கோங்க, பிரஷ் இழுக்குறது மட்டும் கண்ட்ரோலும் ஆப்ஷனும் சேர்த்துப் பிடிச்சு இழுக்கணும். நான் வேலை பார்க்குறது விண்டோஸ்ல, அதனால மேக்ல மொழி மாத்துற கீ எது எதோட மோதும்னு என் பேச்சை வச்சு முடிவு பண்ண வேண்டாம்.

முதல்ல மொழி மாத்துற கீயை நிறுத்துங்க, அப்புறம் உங்க பேர்ல செட் போட்டு ஒர்க்ஸ்பேஸ் பிரிங்க, அதுக்கப்புறம் ஒரு வாரத்துக்கு ரெண்டு மூணு கீக்கு மேல மாத்தாதீங்க, கை பழகட்டும். அதே பெட்டியில சம்மரைஸ்னு ஒரு பட்டன் இருக்கு, அழுத்துனா உங்க செட்ல இருக்கிற எல்லா ஷார்ட்கட்டும் பிரவுசர்ல திறக்குற ஒரு பக்கமா வரும், பிரிண்ட் போட்டு மானிட்டர் பக்கத்துல ஒட்டுங்க, அண்ணனுக்கும் ஒண்ணு குடுங்க. இதுக்கு அப்புறமும் பி வேலை செய்யலைன்னா வெர்ஷன் எது, எந்தத் தமிழ் கீபோர்டு, அந்த நேரம் வலது மூலையில என்ன மொழி இருந்துச்சுன்னு மூணையும் எழுதுங்க, பார்த்துட்டுப் பதில் போடுறேன்.